உலோகத்தில் எழுதிய விண்வெளி வரலாறு

மனிதன் தன் செயலை உலகம் மறவாதிருக்கும் பொருட்டுக் கையாண்ட வழிகள் பல. கல்லில் எழுத்துப் பொறித்தான், செப்பேட்டில் சாசனம் வரைந்தான், கோபுரம் எழுப்பினான், குளம் தொட்டான். இவற்றுள் கல்வெட்டும் கோபுரமும் நாட்டிய இடத்திலேயே நிற்பன. தம்மை நாடி வருவோரிடம் மட்டுமே அவை பேசும். உள்ளங்கையில் அடங்கும் சிறிய உலோக வட்டமோ கைமாறிக் கைமாறிக் கடலும் கடந்து செல்வது. முதலாம் இராசேந்திரன் தன் வடநாட்டு வெற்றிக்குப் பின் ஏற்ற 'கங்கைகொண்ட சோழன்' என்னும் பெயரைக் காசிலும் பொறிப்பித்தான். கங்கைகொண்டசோழபுரத்தைக் கண்ணாற் காணாத குடியானவனும் அக்காசைப் பெற்றபோது அவ்வெற்றியைக் கேள்வியுற்றான்.

காசு கொடுக்கவும் வாங்கவும் பிறந்தது. அதனோடு நினைவையும் சுமந்தது. நினைவை மட்டுமே சுமப்பதற்கெனப் பிறந்தது பதக்கம். 1438ஆம் ஆண்டளவில் இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ, பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் தலையுருவைத் தாங்கிய வெண்கலப் பதக்கம் ஒன்றை வார்த்தார். ஐரோப்பிய நினைவுப் பதக்கக் கலை அதனோடு தொடங்கியதென்பர். அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளாக முடிசூட்டு விழா, போர் வெற்றி, பாலம், புகையிரதப் பாதை என மனிதர் பெருமை கொண்டாடிய யாவும் பதக்கங்களாயின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கலைக்கு முன்னெவரும் காணாத ஒரு பொருள் கிடைத்தது. மனிதன் மண்ணை விட்டு விண்ணுக்கு ஏறினான். 1957 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவ்வேற்றத்தின் ஒவ்வொரு படியும் வெண்கலத்திலும் வெள்ளியிலும் அலுமினியத்திலும் பதிக்கப்பட்டது. அப்பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உலகெங்கும் உளர். அவர்கள் செய்வது பொழுதுபோக்கா, வரலாற்றுப் பணியா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கு விடை காண மொஸ்கோவுக்கோ வாஷிங்டனுக்கோ போகுமுன் யாழ்ப்பாணத்து மண்ணிற் கிடைத்த செப்புக்காசு ஒன்றை நோக்குவது நலம். அதன் ஒரு புறத்தில் நின்ற கோலத்தில் மன்னன் உருவம். மறுபுறத்திற் படுத்திருக்கும் நந்தி. நந்தியின் கீழே 'சேது' என்னும் தமிழ்ச்சொல். சேது என்றவுடன் நினைவுக்கு வருவது இராமேசுவரம். ஆகவே, இக்காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை என்றே தொடக்கத்தில் அறிஞர் பலர் எண்ணினர். காசை மாத்திரம் பார்த்தால் அங்ஙனம் எண்ணுவதிற் பிழையில்லை. ஆனால் அவை எங்கே கிடைத்தன என்று கேட்டபோது நிலைமை மாறியது. அவை பெருந்தொகையாகக் கிடைத்த இடம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளும் தம்மைச் சேதுகாவலர் எனக் கூறிக்கொண்டவர்கள்; நந்தியைக் கொடியாகக் கொண்டவர்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர் இவற்றைப் பொருத்திக் காட்டினர். 1924இல் வெளிவந்த கொட்றிங்ரனின் இலங்கை நாணய நூலிலும் இக்காசுகள் யாழ்ப்பாண மன்னருக்குரியனவாக இடம்பெற்றன. 1619இற் போர்த்துக்கேயர் கையில் முடிவெய்திய ஓர் அரசுக்கு அதன் காசுகள் இவ்வாறு மீண்டன.

இதில் ஒரு பாடம் உண்டு. காசு தன்னைப் பற்றி இரண்டு மூன்று சொற்களே சொல்லிற்று. எஞ்சியதைச் சொன்னது அது கிடைத்த இடம். கிடைத்த இடத்தை எவரும் குறித்து வையாதிருந்தால் யாழ்ப்பாண மன்னரின் காசு வேறொருவர் கணக்கிலேயே நின்றிருக்கும். இப்பாடத்தை மனத்திற்கொண்டு விண்வெளிப் பதக்கங்களை நோக்குவோம்.

பதக்கம் உருவாகும் முறை சற்றுப் பொறுமை வேண்டுவது. சிற்பி முதலில் அவ்வுருவைப் பெரிய அளவிற் களிமண்ணிலோ சாந்திலோ செய்கிறார். குறுக்கிப் பொறிக்கும் இயந்திரம் ஒன்று, ஒருபுறம் அப்பெரிய உருவின் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே, மறுபுறம் அதே வடிவைச் சிறிய அளவில் உருக்குக் கட்டையிற் செதுக்குகிறது. அதிலிருந்து அச்சு எடுக்கப்படும். இரண்டு அச்சுகளுக்கிடையே உலோக வட்டத்தை வைத்துப் பேரழுத்தம் கொடுத்தால் இருபுறமும் உருவம் பதியும். காசுக்கு ஓர் அடி போதும். பதக்கத்தின் உருவம் மேடுமிக்கதாகையால் ஓரடியிற் பதியாது. அடித்த உலோகத்தைக் காய்ச்சி இளக்கி மீண்டும் மீண்டும் அடிக்கவேண்டும். நாணயச்சாலையின் சிறு குறியும், சில வேளைகளில் வரிசை எண்ணும் விளிம்பிலோ பின்புறத்திலோ இடம்பெறும். சேகரிப்போன் முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேடுவது அக்குறியையே.

1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்னும் முதலாவது செயற்கைக் கோளை ஏவியது. 58 சதம மீற்றர் விட்டமும் 83.6 கிலோகிராம் நிறையுமுள்ள அப்பந்தினுள் இருந்த வானொலிக் கருவி இடைவிடாது ஒலித்தது. அவ்வொலியை உலகெங்குமுள்ள வானொலிப் பயிற்சியாளர் தம் சொந்தக் கருவிகளிலே கேட்டனர். விண்வெளி யுகம் முதலில் மனிதரின் செவிக்கே எட்டியது என்பது வானொலி நேயர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. ஆயினும் ஒலி காற்றோடு போவது. ஸ்புட்னிக்கும் 1958 ஜனவரியிற் பூமியின் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்து போயிற்று. கையில் வைத்துக் காட்டுவதற்கு எஞ்சியவை பதக்கங்களும் முத்திரைகளுமே. அதே 1957இல் இலங்கை அரசு புத்த ஜயந்தி நினைவாக ஐந்து ரூபா வெள்ளி நாணயத்தையும் ஒரு ரூபா நாணயத்தையும் வெளியிட்டிருந்தது. 2500 ஆண்டுப் பழைமையை ஒரு நாடும், நேற்றுப் பிறந்த புதுமையை மற்றொரு நாடும் ஒரே ஆண்டில் உலோகத்தில் எழுதின.

பூமியில் அடித்த பதக்கம் பூமியிலேயே கிடப்பது இயல்பு. அவ்வியல்பு விரைவில் மாறியது. 1959 செப்டம்பர் 12இல் ஏவப்பட்ட லூனா 2 என்னும் சோவியத் கலம், மொஸ்கோ நேரப்படி 14ஆம் நாள் சந்திரனில் மோதியது. மனிதன் செய்த பொருளொன்று வேறொரு வான்பொருளைத் தொட்டது அதுவே முதன்முறை. அக்கலத்தினுள் உருக்கினாலான ஐங்கோணத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திய பந்துகள் இருந்தன. சோவியத் இலச்சினையும் ஆண்டும் மாதமும் அத்துண்டுகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. மோதும் வேளையில் அவை சிதறிச் சந்திர மண்ணிற் பரவவேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாளே அமெரிக்காவுக்குச் சென்ற குருசேவ், அப்பந்தின் மாதிரி ஒன்றை அதிபர் ஐசனோவருக்குப் பரிசாக அளித்தார். சிரித்த முகத்தோடு கொடுத்த பரிசுதான். ஆனால் அதன் உட்பொருளைப் பெற்றவரும் உணர்ந்தார், பார்த்தவரும் உணர்ந்தனர். படையும் தூதும் பேசவேண்டியதை ஒரு பதக்கப் பந்து பேசிற்று.

1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் வொஸ்டொக் கலத்தில் ஏறிப் பூமியை ஒரு முறை சுற்றி, 108 நிமிடங்களில் மண்ணுக்கு மீண்டார். லெனின்கிராட்டில் 1724இல் மகா பீட்டர் நிறுவிய நாணயச்சாலையும் மொஸ்கோ நாணயச்சாலையும் அவர் முகத்தைப் பதக்கங்களிற் பொறித்தன. மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்கென அடித்த கனமான பதக்கங்கள் ஒரு வகை; செம்பும் நாகமும் கலந்த மஞ்சள் நிற உலோகத்தில் அவை பெரும்பாலும் அமைந்தன. சட்டையிற் குத்திக்கொள்ளும் சின்னஞ்சிறு அலுமினியச் சின்னங்கள் மற்றொரு வகை. முன்னையவை அறிஞருக்கும் அதிகாரிகளுக்கும் போயின. பின்னையவை சில காசுகளுக்குக் கடைகளில் விற்கப்பட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. ஒரு நாட்டின் சிறுவர் அனைவரும் சேகரிப்போராக மாறிய காலம் அது.

அவ்வாண்டு டிசம்பரில், இந்தியப் பயணத்தை முடித்துக்கொண்டு ககாரின் இலங்கைக்கும் வந்தார். சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த காலம். விண்ணைக் கண்டு வந்த கண்களை நேரிற் காணும் வாய்ப்பு இலங்கையருக்குக் கிட்டியது. செயற்கைக் கோள்கள் மூலம் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதிய ஆதர் சி. கிளார்க் அப்பொழுது இத்தீவிற் குடியேறி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. விண்வெளி யுகம் இலங்கைக்கு அந்நியமான கதையன்று என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

பதக்கம் சொல்வதை மாத்திரம் நம்பினால் வரலாறு எவ்வளவு குறைபடும் என்பதற்கு அக்காலச் சோவியத் பதக்கங்களே சான்று. ஸ்புட்னிக்கையும் வொஸ்டொக்கையும் உருவாக்கிய தலைமைப் பொறியியலாளர் சேர்கெய் கொரலியோவ். 1966 ஜனவரி 14இல் அவர் இறக்கும் வரை அவர் பெயர் அரச இரகசியமாகக் காக்கப்பட்டது. வீரரின் முகம் ஆயிரமாயிரம் சின்னங்களில் ஒளிர்ந்தபோது, அவரை ஏற்றி அனுப்பிய மனிதரின் பெயரை உலகம் அறியாது. இறந்த பின்னரே அவர் முகமும் பதக்கம் ஏறியது. ஆகவே ககாரின் பதக்கம் ஒன்றையும் கொரலியோவ் பதக்கம் ஒன்றையும் அருகருகே வைத்து, அவை வெளியான ஆண்டுகளையும் எழுதி வைக்கும் ஒருவன், தனித்தனியே எந்தப் பதக்கமும் சொல்லாத உண்மையைச் சொல்லிவிடுகிறான். விண்ணில் ஏறிய முதற் பெண் வலந்தீனா தெரெஷ்கோவா. 1963 ஜூன் 16இற் புறப்பட்ட அவர் பூமியை 48 முறை சுற்றினார். ககாரினின் இருபதாம் ஆண்டு நினைவாக 1981இல் ஒரு ரூபிள் நாணயம் வந்தது. தெரெஷ்கோவாவின் இருபதாம் ஆண்டுக்கு 1983இல் வந்தது. இவை செலவுக்கும் உரிய நாணயங்களாகையாற் சாதாரண மக்களின் பைகளிலும் இடம்பெற்றன.

அமெரிக்கரின் வழி சற்று வேறானது. 1961 மே 5ஆம் நாள் அலன் ஷெப்பேர்ட் கால் மணி நேரம் பறந்து திரும்பினார். மூன்று நாட்களின் பின் அவருக்கு விருது வழங்கிய அதிபர் கென்னடியின் கையிலிருந்து பதக்கம் நழுவிக் கீழே விழுந்தது. கென்னடி அதைக் குனிந்து எடுத்து, மண்ணிலிருந்து மேலே எழுந்த விருது இது என்னும் கருத்துப்பட நகைச்சுவையாகக் கூறி வழங்கினார். அரசு அளித்த விருது அது. விண்வெளி வீரர் தாமே பணம் கொடுத்து அடிப்பித்து, உடன் கொண்டு சென்று, திரும்பிவந்து உற்றார்க்கும் நண்பர்க்கும் வழங்கிய பதக்கங்களே சேகரிப்போர் பெரிதும் விரும்புவன. ஜெமினிப் பயணங்களில் தொடங்கிய இவ்வழக்கம் 1968 ஒக்டோபரில் அப்பலோ 7 முதல் ஒழுங்குபட்டது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து அற்றில்பரோவிலுள்ள றொபின்ஸ் நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வெள்ளிப் பதக்கம் அடித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் இட்டது. அவ்வெண் சிறிய விடயம் போலத் தோன்றும். பின்னர் அதுவே பெருவிடயம் ஆயிற்று.

அப்பலோ 13இன் பதக்கங்களின் வரலாறு தனிச் சிறப்புடையது. 1970 ஏப்ரலிற் புறப்படுமுன் அடித்த பதக்கங்களில் கென் மாட்டிங்லியின் பெயரும், சந்திரனில் இறங்கவிருந்த நாளும் இருந்தன. ஜெர்மன் சின்னமுத்து தொற்றியிருக்கலாம் என்ற அச்சத்தால் மாட்டிங்லி கடைசி நாட்களில் விலக்கப்பட்டார். ஜாக் ஸ்விகேர்ட் அவரிடத்திற் சென்றார். பாதி வழியில் ஒட்சிசன் கலம் வெடித்ததால் எவரும் சந்திரனில் இறங்கவில்லை. மூவரும் உயிருடன் மீண்டதே பெரும் பேறு. ஆகவே விண்ணுக்குப் போய் வந்த அப்பதக்கங்கள் உருக்கப்பட்டு, நடந்தவற்றுக்கு இயைய மீண்டும் அடிக்கப்பட்டன. நடக்கப்போவதை முன்கூட்டியே உலோகத்தில் எழுதினால் என்ன நேரும் என்பதை அவை கற்பித்தன.

வீரருக்கு மட்டுமன்றி உழைப்பாளருக்கும் பதக்கம் உண்டு. அப்பலோத் திட்டத்தின் உச்சக் காலத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதிற் பணிபுரிந்தனர். சந்திரனுக்குச் சென்று வந்த கலத்தின் உலோகத்தைப் புது உலோகத்தோடு கலந்து உருக்கி அடித்த எளிய பதக்கங்களை, 1969இற் சந்திரனை அடைந்த பின்னர், நாசா தன் பணியாளருக்கு வழங்கியது. வெள்ளியுமன்று, பொன்னுமன்று, விலைமதிப்பும் சிறிதே. எனினும் தையல் வேலை செய்த பெண்ணும், கம்பி முடுக்கிய தொழிலாளியும் சந்திரனுக்குப் போன உலோகத்திற் சிறிதைத் தம் வீட்டில் வைத்திருக்க வழி பிறந்தது. பதக்க வரலாற்றில் இதனை ஓர் அறச்செயல் என்றே கூறலாம்.

எங்கு விருப்பம் மிகுகின்றதோ அங்கு வாணிகம் புகுவதும் இயல்பு. 1971இல் அப்பலோ 14 வீரர் பிராங்க்லின் மின்ட் என்னும் தனியார் நாணயச்சாலையின் வெள்ளிப் பதக்கங்களைக் கொண்டு சென்றனர். திரும்பி வந்தவற்றுட் சிலவற்றை அந்நிறுவனம் பெருந்தொகை வெள்ளியோடு கலந்து உருக்கிச் சிறு பதக்கங்களாக்கித் தன் உறுப்பினருக்கு வழங்கியது. இதனைக் குறித்து எழுந்த கண்டனம் அடங்குமுன், அப்பலோ 15 வீரர் அனுமதி பெறாது 398 அஞ்சல் உறைகளைக் கொண்டு சென்றதும், அவற்றில் ஒரு பகுதி ஐரோப்பாவில் விலைக்கு விடப்பட்டதும் வெளிவந்தன. 1972இல் அவ்வீரர் கண்டிக்கப்பட்டனர். வீரர் உடன் கொண்டுசெல்லும் பொருள்களுக்குக் கடும் விதிகள் பிறந்தன. விண்ணுக்குப் போய் வந்தது என்ற ஒரு சொல்லே பொருளுக்கு விலை கொடுக்கின்றது. போய் வந்த பதக்கத்தையும் போகாத பதக்கத்தையும் கண் வேறு பிரித்தறியாது, தராசும் அறியாது. வரிசை எண்ணும், அவ்வெண் குறித்த ஏடும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற எழுத்துமே அறியும். சேதுக் காசுக்குக் கிடைத்த இடம் எத்தகையதோ, விண்வெளிப் பதக்கத்துக்கு அவ்வேடு அத்தகையது.

எந்தச் சேகரிப்போனுக்கும் எட்டாத பதக்கங்கள் இரண்டு உண்டு. 1967 ஜனவரி 27இல் அப்பலோ 1 கலத்திற் பயிற்சியின்போது மூண்ட தீயில் கிறிசம், வைற், சஃபி என்னும் மூவர் இறந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 24இல் சோயுஸ் 1 தரையில் மோதி விளாடிமிர் கொமறோவ் மாண்டார். 1968 மார்ச் 27இல் ககாரின் விமான விபத்தில் உயிரிழந்தார். 1969 ஜூலையிற் சோவியத் யூனியனுக்குச் சென்ற அமெரிக்க வீரர் பிராங்க் போர்மனிடம் ககாரின், கொமறோவ் இருவரின் மனைவியரும் தம் கணவரின் பதக்கங்களைக் கொடுத்தனர். அம்மாதமே ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் சந்திரனில் இறங்கினர். அப்பலோ 1 மூவரின் சின்னத்தோடு இவ்விரு பதக்கங்களும், உலகத் தலைவர்களின் வாழ்த்துகளை நுண்ணெழுத்திற் பதித்த சிறு வில்லையும் ஒரு பொதியில் ஓல்ட்ரினின் சட்டைப்பையில் இருந்தன. வேலை மிகுதியால் அப்பொதி ஏறக்குறைய மறந்தே போயிற்று. ஓல்ட்ரின் ஏணியில் ஏறும் வேளையில் ஆம்ஸ்ட்ரோங் நினைவூட்ட, அவர் அதனை எடுத்து மண்ணில் இட்டார். விழா இல்லை, உரை இல்லை. போட்டியில் வென்ற நாட்டவர், தோற்ற நாட்டின் இறந்த வீரருக்குச் செய்த மரியாதை அது. பத்தாண்டுகளுக்கு முன் சந்திரனில் மோதிய சோவியத் பந்து வெற்றியை அறிவித்தது; இப்பதக்கங்கள் இழப்பை நினைந்தன.

அவ்விரு நாடுகளும் பின்னர் விண்ணிலேயே கை குலுக்கின. 1975 ஜூலை 17இல் அப்பலோ, சோயுஸ் கலங்கள் இணைந்தபோது, ஸ்டாஃபோர்டும் லெயோனோவும் ஆளுக்கொரு பாதியாகக் கொண்டுவந்த நினைவுப் பதக்கத்தை ஒன்றாகப் பொருத்தினர்.

பாக்கு நீரிணையின் மறுகரையிலும் அக்காலத்தில் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. 1963 நவம்பர் 21இற் கேரளக் கரையிலுள்ள தும்பாவிலிருந்து இந்தியாவின் முதலாவது ஆய்வு உந்துகணை மேலெழுந்தது. அப்பணியில் ஈடுபட்ட இளம் பொறியியலாளருள் ஒருவர் இராமேசுவரத்திற் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். 1975 ஏப்ரல் 19இல் இந்தியாவின் முதற் செயற்கைக் கோள் ஆரியபட்டா சோவியத் உந்துகணை மூலம் ஏவப்பட்டது. அதன் படம் பின்னர் இந்திய இரண்டு ரூபாத் தாளில் இடம்பெற்றது. சேதுவின் பெயரை யாழ்ப்பாண மன்னர் செப்பிற் பொறித்தனர். அச்சேதுவின் மைந்தர் ஒருவர் பங்குகொண்ட விண்வெளி முயற்சியின் சின்னம் காகிதத்தில் ஏறிக் கடைத்தெரு வரை வந்தது.

இனி, சேகரிப்போன் செய்யத்தக்கது யாது என்று காண்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறை வீதியிற் செல்வோர் அல்லைப்பிட்டியை அடுத்து அடையும் ஊர் மண்கும்பான். மணலும் பனையும் கடற்காற்றும் நிறைந்த ஊர். அயலிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில் 11, 12ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சீனப் பீங்கான் ஓடுகள் வெளிவந்தன. அதே காலப் பகுதியில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே தமிழிற் பொறிப்பித்த சாசனம், கரையில் உடையும் அந்நியக் கலங்களின் பொருளை எவ்வாறு பங்கிடுவது என விதிக்கின்றது. தீவகக் கரையோரம் உலக வாணிகத்தின் வழியில் இருந்தது என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டா. இத்தகைய மண்ணிற் கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ பழங்காசு ஒன்று வெளிப்படுவது வியப்பன்று.

அங்ஙனம் வெளிப்பட்ட காசைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் தேய்ப்பதே நம்மவர் பலரின் வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும். காசுக்கும் பதக்கத்துக்கும் தகாது. தேய்க்கும்தோறும் எழுத்தும் உருவும் தேயும். மேலே படிந்த பழைமையின் நிறமும் போய்விடும். கடற்காற்றிலுள்ள உப்பு செம்பையும் வெண்கலத்தையும் மெல்ல அரித்துப் பச்சைப் பொடியாக்கும். ஆதலால் தீவகத்தில் வாழும் சேகரிப்போர் இவற்றைக் காற்றுப் புகாத பேழையில், ஈரம் உறிஞ்சும் பொருளோடு, தனித்தனிக் காகித உறையில் இடுதல் வேண்டும். மலிவான நெகிழித்தாள் சில காலத்திற் பிசுபிசுத்து உலோகத்தைக் கெடுக்கும். பதக்கத்தை முகத்திற் தொடாது விளிம்பிற் பிடித்தல் வேண்டும். விரலின் வியர்வையும் கறை செய்யும்.

இவற்றினும் முதன்மையானது குறிப்பேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை உறையிலும் ஏட்டிலும் எழுதவேண்டும். விட்டம் எத்தனை மில்லிமீற்றர், நிறை எத்தனை கிராம், எவ்வுலோகம், எந்நாணயச்சாலைக் குறி, என்ன வரிசை எண், எங்கே எப்பொழுது கிடைத்தது, தந்தவர் யார், அவருக்கு எவ்வாறு வந்தது என்ற இத்தனையும் அதில் அமைதல் வேண்டும். நிலத்திற் கிடைத்த பழம்பொருளாயின் இன்னொரு கடமையும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அது அரசுக்குரியது. தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டியது. அறிவிப்பதால் இழப்பொன்றும் இல்லை. கிடைத்த இடத்தோடு சேர்ந்து ஏட்டில் ஏறிய காசு ஊரின் வரலாற்றைச் சொல்லும். பெட்டிக்குள் மறைத்த காசு ஊமையாகும். நாளடைவில் அதை வைத்தவருக்கே அது எங்கே கிடைத்தது என்பது மறந்துபோம்.

இக்கடமையின் அருமையைத் தீவக மக்கள் கற்ற விதம் கொடியது. 1990ஆம் ஆண்டை அடுத்துப் போரினால் அவர்களிற் பெரும்பாலோர் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு தோணி ஏறுவோர் பேழையையும் ஏடுகளையும் சுமந்து செல்வதெங்ஙனம்? பரம்பரையாகக் காத்த ஓலைச் சுவடியும், பழங்காசும், பாட்டனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த பதக்கமும் கூரையற்ற வீடுகளோடு போயின. அவற்றுள் என்னென்ன இருந்தன என்று இன்று கேட்டால் மறுமொழி சொல்வார் இல்லை. பட்டியல் எழுதி வைத்தார் இல்லாமையால். ஒரு படி ஏடு கொழும்பிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம் இருந்திருப்பின், பொருள் போனாலும் அதன் செய்தியாவது மிஞ்சியிருக்கும்.

பொருள் அழிவது உலக வழக்கு. லூனா 2இன் உருக்குத் துண்டுகள் மோதிய வேகத்திலேயே உருத்தெரியாது போயிருக்கலாம் என அறிஞர் கருதுவர். எனினும் அவை எத்தகையன, எந்நாள் சென்றன, யார் அனுப்பினர் என்பதனைத்தும் நமக்குத் தெரியும், எழுதி வைக்கப்பட்டிருப்பதனால். மூன்று இலட்சத்து எண்பதினாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாற் கிடக்கும் உலோகத்தைப் பற்றி அறிந்த அளவுக்கேனும் நம் வீட்டுப் பெட்டியிலுள்ள உலோகத்தைப் பற்றி நாம் அறிந்திருத்தல் வேண்டாவா?

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கண்ணாடிப் பேழை, ஒரு தடித்த அட்டை ஏடு, நுண்ணிய தராசு ஒன்று, பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவர் என்ற இவை போதும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய ஐந்து ரூபாவும், ககாரின் முகம் தாங்கிய அலுமினியச் சின்னமும், தந்தையார் பெற்ற சேவைப் பதக்கமும் அங்கே ஒரு வாரம் காட்சிக்கு இருந்து, அளந்து நிறுத்து எழுதப்பட்டபின் உரியவரிடமே திரும்பலாம். எழுதிய ஏடு பாடசாலையில் நிற்கும். நல்லூரில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பார்த்து வரும் மாணவர், அங்குள்ள காசுகளின் அருகே எழுதியிருப்பதைப் படித்து, தாம் எழுதவேண்டிய முறையையும் கற்றுக்கொள்வர். ஒரு பதக்கத்தைச் சேர்ப்பவனுக்கு ஒரு பொருள் உரிமையாகின்றது. அதன் வரலாற்றை எழுதி வைப்பவனாலோ ஊர் முழுவதற்கும் அது உரிமையாகின்றது.